பன்னிரண்டு மணித் தாவல்

ஓட்டம் என்றாலே எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆகாது. அப்படிப்பட்ட நான் இனயம் என்கிற எங்கள் கடற்கரை ஊரில் என் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டே கூரை கூரையாகத் தாவினேன். போனில்தான். ஒரு பெண் மொட்டைமாடிகளில் ஓடுவாள். விரலை மேலே இழுத்தால் சுவரைத் தாண்டுவாள், கீழே இழுத்தால் குழாய்க்கு அடியில் உருளுவாள். கொஞ்சம் தவறினால் தெருவில் விழுவாள். பார்க்கர் என்று அதற்குப் பெயராம். எங்கள் பக்கத்தில் அப்படித் தாவினால் நேரே வர்ம வைத்தியரிடம்தான் கொண்டுபோவார்கள்.

விளையாட்டை ஏற்றிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். கத்தாரில் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. என் போனில் அவருடைய ஸ்கோர் மேலே நிற்கும், என்னுடையது அதற்குக் கீழே. விசா முடியும் சமயத்தில் கம்பெனி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னது. இருக்கவா, வரவா என்று தினமும் கேட்டார். வந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டிக்கொண்டிருந்த வீடு பாதியில் நின்றது. கடைசியில் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, மாசம் முடியுறதுக்குள்ள என்னை ஜெயிச்சிரு. நான் வந்துருதேன்," என்றார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

சும்மா சொன்னாரோ என்னவோ, நான் வெறி பிடித்தவள் மாதிரி ஆடினேன். மீன் கறி இரண்டு தடவை அடிப்பிடித்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வரவேண்டும் என்று அவ்வளவு ஆசை.

மாசத்தின் கடைசி நாள். அப்படி ஓர் ஓட்டம் எனக்கு அமைந்ததே இல்லை. அவரை எட்ட இன்னும் இரண்டு கூரைதான். அப்போது கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. எங்கள் கடற்கரையில் மணி கேட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டுச் சிலுவை போட்டு, மூவேளைச் செபம் சொல்வோம். பிறந்ததிலிருந்து பழக்கம். நான் நினைப்பதற்கு முன்னால் கை நெற்றிக்குப் போய்விட்டது. அந்தப் பெண் தெருவில் கிடந்தாள். செபத்தை முடித்துவிட்டுத்தான் அழுதேன். சாயங்காலம் வரை ஆடியும் அந்தக் கூரைப் பக்கம் போக முடியவில்லை.

அவர் கூப்பிட்டதும் சொல்லிவிட்டேன். "தோத்துட்டேன். மணி அடிச்சுது, கை போயிட்டு."

"மணிக்குக் கை எடுத்தா விழுந்த?"

"ஆமா."

"அப்ப அது தோல்வியில சேராது," என்றார். பிறகு குரல் இறங்கியது. "நான் அந்த மணியக் கேட்டு எத்தன நாளாச்சு தெரியுமா? வீடு பூசாமக் கெடந்தாலும் கெடக்கட்டும். வாறேன்."

வந்து ஆறு மாசமாகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ஏசி ரிப்பேர் பார்க்கிறார். சம்பளம் குறைவு, சுவர் இன்னும் செங்கல்லாகத்தான் நிற்கிறது, எனக்கு ஒரு குறையுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஆளுக்கொரு போனோடு உட்காருவோம். போன வாரம் அவரை நெருங்கிவிட்டேன். "விடமாட்டேன் கேட்டியா," என்று முறைத்தார். பன்னிரண்டு மணி அடித்தது. இரண்டு பேரும் ஒன்றாகக் கூரையிலிருந்து விழுந்தோம்.