கறையான் பிடித்த யன்னல்

பிறந்த தங்கச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது வாடைக்காற்று தொடங்கிவிட்டது. நயினாதீவில் அந்தக் காற்றுக்குத் தப்பின வீடு கிடையாது. ஆனால் பெரியம்மா எங்கள் வீட்டைத் தப்பவைத்தா. அம்மாவும் பிள்ளையும் படுத்த அறையின் யன்னலைப் பூட்டி, காற்றுவர மேலே வைத்திருந்த பூக்கல் ஓட்டைகளைப் பழஞ்சீலையால் அடைத்தா. உள்ளே ஒரு தணல் சட்டி. அதில் உள்ளித்தோலும் வேப்பிலையும் விடாமல் புகைந்தன.

தாயில்லாத அம்மாவை வளர்த்தெடுத்தது பெரியம்மாதான். அவவின் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் இல்லை. பிள்ளை இருமினால், "பாத்தியே, எங்கையோ காத்துப் பூருது" என்று இன்னும் கொஞ்சம் வேப்பிலை போடுவா. பிள்ளை இன்னும் இருமும்.

ஒருநாள் காலை தங்கச்சி பாலே குடிக்கவில்லை. நெஞ்சு குழிவிழ இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள்.

"எனக்கே மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு" என்றா அம்மா, அப்பாவுக்கு மட்டும் கேட்கும்படி. அப்பா போய்ச் சுத்தியலும் திருப்புளியும் எடுத்துவந்தார்.

"மச்சாள், யன்னல் கதவு முழுக்கக் கறையான். இப்ப கழட்டி மருந்து பூசாட்டி கூரைக்கும் ஏறிடும்" என்றார் பெரியம்மாவிடம்.

"உமக்கு இண்டைக்குத்தான் நேரம் வந்ததோ? பச்சைப்பிள்ளை கிடக்கிற அறை!"

"கறையானுக்குப் பிள்ளைப்பெத்த துடக்குத் தெரியுமே, மச்சாள்?"

இரண்டு கதவும் கழன்றன. சீலைக்குள்ளும் கறையான் கூடு கட்டுமாம். பூக்கல்லுக்குள் திணித்ததெல்லாம் வெளியே வந்தது.

முற்றத்தில் கிடந்த கதவுகளை நான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கறையான் அரித்த மரத்தைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படமாகப் பார்த்தவன் நான். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

"பெரியம்மா! இதில ஒரு ஓட்டைகூட இல்லை. அப்பாவுக்குத் தெரியேல்லை, வந்து பாருங்கோ!"

அப்பாவின் கை அப்படியே நின்றது.

பெரியம்மா வந்தா. மரத்தை விரலால் தடவினா. தட்டிப் பார்த்தா, டங்கென்று கேட்டது. பிறகு கதவில்லாத யன்னலால் உள்ளே எட்டிப் பார்த்தா. அம்மாவின் தலைமயிர் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. தங்கச்சி இருமாமல் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கு என்ன தெரியும்? கறையான்தான்" என்றா பெரியம்மா அப்பாவிடம். "மருந்து நல்லாக் காயட்டும். அவசரமில்லை, கதவை ஆறுதலாப் பூட்டலாம்."

உள்ளே போய்த் தணல் சட்டியைத் தானே தூக்கிவந்து, தண்ணீர் ஊற்றி அணைத்தா. அப்பா குனிந்த தலை நிமிராமல் மருந்து பூசத் தொடங்கினார்.

எனக்கு இரண்டு பேர்மீதும் இரக்கம்தான் வந்தது. இவ்வளவு வளர்ந்தும், ஒரு நல்ல மரத்தைக் கண்டுபிடிக்க ஏலாமல் நிற்கிறார்களே என்று.