ஒன்பதரை மணித்தியாலம்

பல்லரோச் சந்தையில் எட்டுக்கால் பேய்க்கணவாய் அவிக்கும் ஆவி எங்கள் இரண்டாம் மாடி ஜன்னலால் ஏறி வந்து, காயப்போட்ட பள்ளிச் சட்டையில்கூட ஒட்டிக்கொள்ளும். அந்த வாடைக்குள் இருந்துதான், பதினொரு வயதில், பலெர்மோவிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம் என்று கணினியில் தேடினேன். ஏறக்குறைய ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், பறக்க ஒன்பதரை மணித்தியாலம் என்று வந்தது. வீட்டில் இத்தாலியன் சரளமாக வாசிப்பவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையோடு அதை அம்மாவிடம் சொன்னேன்.

மன்னாரில் அம்மாவின் தகப்பன் படுக்கையில் விழுந்திருந்த மாசி மாதம் அது. அம்மா வேலை செய்த வீட்டு எசமானி, "சிஞ்ஞோரா"வும் படுக்கையில்தான். அந்த மூதாட்டியைக் குளிப்பாட்டவும் ஊட்டிவிடவும் அம்மாவை விட்டால் ஆளில்லை. வேலை போனால் அதைக் காட்டி எடுத்த "பெர்மெஸ்ஸோ" என்ற வதிவிட அனுமதியும் போய்விடும் என்று அப்பா பயந்தார். பெற்றவரைப் பார்க்கப் போக வழியில்லாமல் யாரோ ஒருவரின் தாயைத் தாங்கிக்கொண்டு நின்ற அம்மா, என் ஒன்பதரை மணித்தியாலத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். நோய் கடுமை என்றால் ஒரே நாளில் போய்விடலாம் என்று கோயில் வாசலில், பஸ்ஸில், எல்லோரிடமும் சொன்னார். இப்போதே வரச்சொல்லி அவருடைய தம்பி, என் மாமா, தொலைபேசியில் கெஞ்சியபோதும் அதே பதில்தான்.

வைகாசியில் ஒரு காலை, ஐயா போய்விட்டார் என்று மாமா அழைத்தார். "நாளைக்குப் பின்னேரம் மட்டும் வைச்சிருங்கோ, நான் வாறன்" என்று அம்மா சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வியா மக்வேதா தெருவில் இருந்த பயணச்சீட்டுக் கடைக்கு ஓடினார். கொழும்புக்கு இங்கிருந்து நேரே விமானமே கிடையாது என்றார் கடைக்காரர். ரோமில் ஒருமுறை, வளைகுடாவில் ஒருமுறை மாறி, இறங்கிய பிறகு மன்னாருக்கு வான் வண்டி பிடிக்க வேண்டும், விமானத்திலும் இரண்டு நாள் கழித்துத்தான் இடம் இருந்தது. நான் பார்த்தது வரைபடத்தில் கோடு இழுத்து அளந்த வெறும் கணக்கு.

மறுநாள் அடக்கத்தைச் சிஞ்ஞோராவின் குசினியில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசியில்தான் பார்த்தோம். அங்கே வெயில் அடித்ததில் படம் வெளிறிப் போயிருந்தது. "ஐயாவின்ர முகத்தை ஒருக்காக் கிட்டக் காட்டு தம்பி" என்றார் அம்மா. மாமா பெட்டியை நோக்கி நடக்கும்போதே உள்ளே சிஞ்ஞோரா கூப்பிட்டார். அம்மா எழுந்து போனார். திரும்பி வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

சிஞ்ஞோரா இன்று இல்லை, அந்தக் கடையும் இல்லை. இத்தாலியக் கடவுச்சீட்டு வந்துவிட்டதால், நினைத்த நேரம் அம்மா எங்கும் போகலாம். அவர் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றே அழுது தீர்த்திருப்பேன். இப்போது இத்தாலியனில் கடிதம் வந்தால் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக விரலால் தொட்டு, தானே வாசிக்கிறார். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். என்னிடம் கேட்பதில்லை.