சண்டைக்குக் கட்டிய துப்பட்டா

மாலை ஆறரை ஆனால் எங்கள் சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் தாமாக நடுங்கத் தொடங்கும். புனேயின் போபோடிப் பகுதிக்குக் குடிவந்த புதிதில் நிலநடுக்கம் என்றே நினைத்தேன். கடிகாரம் பார்த்து வரும் நிலநடுக்கம் எந்த ஊரிலும் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. ஆற்றுப் பாலத்தடியில் இளைஞர்கள் டோல் பழகுகிறார்கள். விநாயகர் ஊர்வலத்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு அடிக்கும் பெரிய முரசு அது. பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே பயிற்சி தொடங்கிவிடும். நம் ஊர்ப் பிள்ளையார் ஒரு தட்டுக் கொழுக்கட்டையில் திருப்தி அடைபவர். இங்கே அவருக்கு முன்னேற்பாடு அதிகம்.

மதுரையில் ஒரு நாளிதழின் பிழை திருத்தும் மேசையில் இருந்தவள் நான். கணவருக்குப் பக்கத்துக் கட்கி தொழிற்சாலைக்கு மாற்றலாகியதால் வந்து சேர்ந்தேன். வந்து ஓராண்டாகியும் ஹிந்தியில் வாய் திறக்கவில்லை. தெரியாததால் அல்ல, தப்பாகப் பேசுவேன் என்று தெரிந்ததால். காய்கறிக்காரரிடம் கத்தரிக்காயை விரலால் சுட்டி, தலையாட்டி வாங்குவேன். என்னை வாய் பேச முடியாதவள் என்று நினைத்துக்கொண்டு அவர் கொத்தமல்லி கூடுதலாகப் போட்டார். அதற்குத் திருத்தம் வெளியிட எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அந்த அதிர்வில் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி விழுந்து உடைந்தது. வாய் திறக்க அது போதுமான காரணம். புகாரை ஹிந்தியில் ஒரே வாக்கியமாக மனத்துக்குள் எழுதி, அடித்து, திருத்தி, துப்பட்டாவை இழுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். சண்டைக்குக் கிளம்புகிறவள் முந்தானையைச் செருகுவது நம் பக்கத்து வழக்கம். டோல் அடிக்க வரும் பெண்ணும் அப்படித்தான் கட்டுவாள் என்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன். குழுத் தலைவன் ஸ்வப்னில், பகலில் இன்சூரன்ஸ் விற்பவன், என் இடுப்பைப் பார்த்து முகம் மலர்ந்தான். “யா காக்கூ, யா!” என்றான் மராத்தியில். வாங்க அத்தை, வாங்க. என் வாக்கியத்தை நான் கடைசியாக ஒருமுறை திருத்தி முடிப்பதற்குள் இடுப்பில் முரசைக் கட்டிவிட்டார்கள்.

“கம்ப்ளைண்ட் பண்ணப் போனவ கம்போட வந்து நிக்கிற!” என்றார் கணவர். மறுநாளும் போனேன். இந்த ஊரில் என்னை யாரும் அதுவரை எதற்கும் கூப்பிட்டதில்லை.

ஒரு கையில் குச்சி, மறு கை வெறும் உள்ளங்கை. இரண்டும் மாறி மாறி விழவேண்டும். எனக்கு ஓர் அடி தப்பினால் உடனே நின்று, தப்பிய இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்யத் தோன்றும். எங்கள் மேசை கற்றுத்தந்த ஒழுக்கம் அது. ஒரு காற்புள்ளிக்காக அச்சு இயந்திரத்தை நிறுத்தியவர்கள் நாங்கள். அதே நாளிதழில்தான் உயிரோடிருந்த ஒருவரின் படம் இரங்கல் செய்தியில் வந்தது. அவர் நேரில் வந்து தேநீர் குடித்துவிட்டு மறுப்புக் கேட்டார். மறுநாள் ஏழாம் பக்க மூலையில் வருந்தினோம். காற்புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன.

ஊர்வலத்துக்கு முந்தைய வாரம் தேர்வு. தேறாதவர்கள் ஊர்வலத்தோடு தண்ணீர் பாட்டில் சுமந்து வரவேண்டும். சுமப்பதில் இழிவில்லைதான். ஆனால் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நடக்கவேண்டும். அன்று நடந்தபடி அடித்த முதல் சுற்றிலேயே தப்பினேன், நின்றேன். பின்வரிசையில் நாலு பேர் என்மேல் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

“சுக்லம் தர் சுக்லம், காக்கூ! தாம்பூ நகா!” என்று ஸ்வப்னில் கத்தினான். பக்கத்தில் நின்ற கவிதா, இங்கேயே பிறந்த வேலூர்க் குடும்பத்துப் பெண், மொழிபெயர்த்தாள்.

“தப்பாப் போனா போவட்டும் ஆன்ட்டி. நிக்கறது மட்டும் நக்கோ, வேணாம்.”

“தப்பு தெரியுமே?”

“யாருக்கு? எல்லாரும் அவங்கவங்க தப்புலயே பிஸி ஆன்ட்டி.”

அதை நான் நம்பவில்லை. பிழை திருத்திய பழைய கண்ணால் ஸ்வப்னிலைக் கவனித்தேன். அவனும் தப்பினான். தப்பும்போதெல்லாம் குச்சியை உயர்த்தி, “கண்பதி பாப்பா!” என்று கத்தினான். கூட்டம் “மோரியா!” என்றது. அந்த முழக்கத்தில் தப்பு மூழ்கியது. அடுத்த அடியிலிருந்து எல்லாம் புதிது. எங்கள் நாளிதழுக்கு இந்த வசதி கிடைத்திருந்தால் ஏழாம் பக்கத்தில் எவ்வளவோ இடம் மிஞ்சியிருக்கும். அடுத்த சுற்றில் எண்ணமுடியாத அளவுக்குத் தப்பினேன். நிற்கவில்லை. “சலேல்,” என்றான் ஸ்வப்னில். பரவாயில்லை, ஓடும். புனேக்காரர் வாயில் அது முதல் பரிசு என்றாள் கவிதா.

ஊர்வலத்தன்று கடைத்தெரு நிறையக் கூட்டம். முதல் திருப்பத்திலேயே என் உள்ளங்கை வழுக்கியது. கால் நிற்கப் பார்த்தது. குச்சியை உயர்த்தினேன், வாய் திறந்தது, ஆனால் பாடம் செய்த முழக்கம் வரவில்லை. “பிள்ளையாரப்பா!” என்று அலறினேன். உயர்ந்த குச்சியைப் பார்த்ததும் தெரு முழுக்க “மோரியா!” என்றது. இந்த ஊரில் நான் உரக்கச் சொன்ன முதல் சொல் அது. யாரும் திருத்தவில்லை. காய்கறிக்காரர் மட்டும் தன் வண்டியோரம் வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தமல்லி அன்றோடு முடிந்தது.

கணவர் எடுத்த வீடியோவை மதுரை மேசை நண்பருக்கு அனுப்பினேன். ‘இரண்டாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது ஆள், தாளப் பிழை’ என்று பதில் வந்தது. திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் வாய் பிள்ளையாரப்பா என்கிறது, தெரு மோரியா என்கிறது. இரண்டுக்கும் நடுவே என் குச்சி, அரை அடி தாமதமாக, இறங்கிக்கொண்டிருக்கிறது.