ஆற்றுவாயில் கட்டிய மரம்

இர்மா ஹாபாலாவுக்கு அருவருப்பு வந்தால் மேலுதடு இடப்பக்கம் மட்டும் ஏறும். எங்கள் தீவில் அந்த உதட்டைப் பார்க்காதவர் கிடையாது. கரையில் கல்மேல் கல் அடுக்கிப் படம் எடுக்கும் கோடைக்காலத்து ஆட்கள், ஒதுங்கிய மரத்தடியின் முனையை அறுத்துவிட்டுக் கம்பெனி முத்திரையை மறைக்கும் திருடர்கள், ஆறிய காப்பி, எல்லாவற்றுக்கும் அதே உதடுதான்.

சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு மீன்பிடிக்கப் போனவள். புருஷன் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று போய் அங்கேயே வேறு குடும்பம் நடத்த ஆரம்பித்ததும், அவனுடைய லாரியை விற்று ஒரு சின்ன அறுவை மிஷின் வாங்கினாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு அதை நிறுத்தினாள். குளிர்காலப் புயலில் கப்பல்கள் இழுத்துப்போகும் மரக்கட்டுகள் அறுந்து எங்கள் கரைக்கு வரும். ஒதுங்கும் மரத்தைப் பிடிக்க உரிமம் வைத்திருப்பவள் என்பதால் அவற்றைப் படகால் இழுத்துவந்து பலகையாக அறுப்பாள். இந்தத் தீவில் சானா என்னும் நீராவிக் குளியலறைகளில் பாதியின் சுவரும் பெஞ்சும் அவள் அறுத்தவை.

கடல்மரம் அறுப்பது அழகான வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடுக்கெல்லாம் மணல். உள்ளே எங்காவது இரும்பு ஆணி. அதில் மோதினால் ரம்பத்துக்குச் சமாதி. பட்டைக்கடியில் செத்த நண்டு. அவள் அறுக்க, நான் பலகையைப் பிடித்து அடுக்குவேன். இத்தனை வருடத்தில் என் குளிர்ச்சட்டையிலிருந்து அந்த வாடை போனதே இல்லை.

அந்த வருடம் அவள் தன் சொந்தப் படகுக்காக அறுக்க வேண்டியிருந்தது. 'லோக்கி'யின் அடிப்பலகைகள் உளுத்துவிட்டன. வசந்தத்தில் ஹெர்ரிங் மீன் வருவதற்குள் மாற்றாவிட்டால் படகு கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். படகு கிடந்தால் இர்மாவும் கிடக்க வேண்டியதுதான்.

அதற்கென்றே முந்தைய குளிர்காலத்தில் ஃபர் என்னும் ஊசியிலை மரத்தின் தடி ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். கணுவே இல்லாத நெடுமரம். வளைகுடாவில் கட்டாமல், ஆறு கடலில் சேரும் ஆற்றுவாயில் மிதக்கவிட்டுக் கட்டினாள். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். உப்புத்தண்ணீரில் ஒரு கோடை கிடந்தால் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு ஏறிவிடும், ஆற்றுத் தண்ணீரில் ஏறாது. கட்டிவிட்டு, ஜூன் கடைசியில் வேறொருவர் படகில் வடக்கே சால்மன் பிடிக்கப் போனாள். செப்டம்பரில் திரும்பியபோது மரம் கட்டிய இடத்திலேயே கிடந்தது.

அக்டோபரில் அதை மிஷினில் ஏற்றினோம். மரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொடுக்க அவள் தம்பி கௌக்கோ வந்திருந்தான். முதல் அறுப்பில் பட்டைப் பக்கம் கழன்றது. இரண்டாவது அறுப்பில் ரம்பத்தின் சத்தம் மாறியது. மரத்தூளுக்குப் பதில் சாம்பலும் இளஞ்சிவப்புமாக ஒரு கூழ் தெறித்து என் மார்பில் விழுந்தது. சாக்கடையில் மீன் செத்து வெயிலில் கிடந்தால் வரும் நாற்றம். பலகையைப் புரட்டினேன். விரல் பருமனுக்குத் துளைகள், துளைக்குள் சிப்பி போல வெள்ளைப் பூச்சு, அதற்குள் பாதியாக அறுபட்ட புழுக்கள். சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

இர்மா மிஷினை நிறுத்தினாள். ஒரு துளைக்குள் விரலை விட்டு எடுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆத்துத் தண்ணில இது வராதே."

கௌக்கோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், என்னைப் பாரு. மரத்தை எங்க கொண்டுபோய்க் கட்டின?"

"காப்பி ஆறுதுக்கா, முதல்ல..."

"எங்கடா கட்டின?"

ஆற்றுவாய்க்கு மேலே அவன் ஒரு மரவீடு கட்டி, நகரத்து ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறான். "மரத்துல பாசி பிடிச்சு நாறுதுன்னு தங்க வந்தவங்க சொன்னாங்க. ஜூலைல மட்டும் முனைக்கு அந்தப் பக்கம், கடல் தண்ணில இழுத்துக் கட்டினேன்."

"ஜூலைல மட்டுமா?"

"...ஆகஸ்டும்."

"நான் வர்றதுக்குள்ள திரும்பக் கொண்டாந்து கட்டிட்ட."

"வெளில பாத்தா ஒண்ணுமே தெரியலக்கா. ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நெனச்சேன்."

"நெனச்சவன் வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? கடல்லயே பொறந்து வளர்ந்தவன்டா நீ! எவனோ ஊர்பேர் தெரியாதவன் மூக்குக்காக என் படகைப் புழுவுக்குப் போட்டுட்டியே. த்தூ!"

நிஜமாகவே துப்பினாள். பிறகு கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தாள். அவனை அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் அவனைத் தாண்டி, கீழே மரவீட்டுப் பக்கம் நடந்தாள். இரண்டு பேரும் பின்னால் ஓடினோம்.

அந்த வீட்டின் முன்தளம் முழுக்க மஞ்சள் சிடார் மரப் பலகை. தம்பி வீடு கட்டுகிறான் என்று அவளே பொறுக்கி, தடிமனாக அறுத்துக் கொடுத்தது. அதன்மேல் ஒரு கணவனும் மனைவியும் நாற்காலி போட்டு ஒயின் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் வாரக்கடைசி விடுமுறைக்கு வந்தவர்கள்.

"எந்திரிங்க. நாற்காலியை எடுத்துக்கிட்டுப் புல்லுக்குப் போங்க" என்றாள் இர்மா. முதல் பலகையின் கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். ஆணி கிறீச்சிட்டது.

"அக்கா, விருந்தாளிங்க இருக்காங்க!"

"அவங்க மூக்குக்கு இங்க நாத்தம் இல்லயே. அப்புறம் என்ன?"

"ஆணி ஓட்டையா இருக்கும்க்கா. படகுக்கு ஆகுமா?"

"ஆணி ஓட்டைக்கு ஆப்பு அடிச்சுக்கலாம். ஆவில வச்சு வளைச்சா வளையும். உன் புழுவுக்கு நான் எதை அடிக்க?"

கௌக்கோ விருந்தாளிகளைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய் இன்னொரு கடப்பாரை எடுத்துவந்து, மறுமுனையில் குனிந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. புல்லில் நின்ற அந்த மனிதர், இது முன்பே சொல்லப்படவில்லையே என்று மெல்லக் கேட்டார். அடுத்த பலகை கிறீச்சிட்டது.

'லோக்கி' மார்ச் மாதம் தண்ணீரில் இறங்கியது. கசியவில்லை. ஹெர்ரிங்குக்கு முதலில் கிளம்பிய படகுகளில் அதுவும் ஒன்று.

அறுத்துப் பாதியில் விட்ட ஃபர் மரத்தைக் கௌக்கோவே அறுத்து, குளிர்காலம் முழுக்க மழையில் போட்டு நாற்றம் போக்கி, தன் முன்தளத்துக்குப் போட்டுக்கொண்டான். வருகிறவர்கள் அந்தத் துளைகளை உட்கார்ந்து தடவிப் பார்த்து, கடல் செதுக்கிய கலை என்று சொல்லிப் படம் எடுக்கிறார்கள். ஒரு பெண்மணி அதேபோல் சாப்பாட்டு மேசை கிடைக்குமா என்று இர்மாவிடமே கேட்டாள்.

"அதுமேல சோறு வச்சுத் திங்கப் போறியா?" என்றாள் இர்மா. உதடு ஏறியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி காப்பிக்குக் கூப்பிடுகிறான், அவளும் போகிறாள். கோப்பையை வாங்கிக்கொண்டு புல்லில் நின்றே குடிப்பாள். அந்தப் பலகைமேல் இன்றுவரை கால் வைத்ததில்லை.