தாழ்ந்த கூரைக்குக் கீழே ஆடிய பெண்கள்

அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊருக்கு நாங்கள் குடிவந்த புதிதில், ஞாயிறு காலைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு அந்தப் பள்ளியின் ஜிம்மிலேயே காத்திருப்போம். அம்மாக்கள் ஏழெட்டுப் பேர், ஃபோனும் காபியுமாக. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும் வருவார். மயக்க மருந்து டாக்டர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் ஓரத்தில் கிடந்த கூடைப்பந்தை எடுத்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டி எறிந்தார். பந்து மேலே எழுந்து வளையவில்லை. எதிர்ச் சுவரைக் குறிவைத்ததுபோல் நேராகப் பாய்ந்து வளையத்துக்குள் விழுந்தது. நானும் தூத்துக்குடியில் பள்ளி டீமில் ஆடியவள்தான். எந்த கோச்சும் அப்படி எறியச் சொல்லித்தர மாட்டார்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"இங்கிலாந்தில. எங்கட ஹோலுக்குக் கூரை சரியான பதிவு. உயர எறிஞ்சா கூரையில பட்டுத் திரும்பி வந்திடும்" என்றார். பதிவு என்றால் அவர்கள் பேச்சில் தாழ்வு.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஒரே காரில் போனோம். கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஊரில் அக்கா ஆடியது வலைப்பந்து. பந்து கைக்கு வந்ததும் நின்றுவிட வேண்டிய ஆட்டம். வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஜூனியர் டாக்டராகப் போனபோது, கேன்டீன் சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் கூடைப்பந்து கிளப்பில் சேர்ந்தார். ஆரம்பத்தில் பந்தைப் பிடித்ததும் சிலைபோல் நின்றுவிடுவாராம். ஓடு, ஓடு என்று மற்றவர்கள் கத்துவார்களாம்.

அந்தக் கிளப் முதலில் ஆண்கள் கிளப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆண்கள் ஆடும் நாளில் டீ போடவும் ஸ்கோர் பார்க்கவும் பெண்கள் வேண்டும். பெண்கள் ஆட நினைக்கும் நாளில் கூடம் காலியாக இருக்காது. ஓர் உடற்பயிற்சி டீச்சர், ஆஸ்பத்திரி நர்ஸ்கள், பஸ் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்த சில பெண்கள் எல்லோருமாக ஒரு சீசன் முடிவில் வெளியேறித் தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள். பயிற்சிக்குக் கிடைத்தது கூரை தாழ்ந்த ஒரு சர்ச் கூடம். தரையில் பெயின்ட் அடிக்க அனுமதி இல்லாததால், வரும்போது டேப் ஒட்டிக் கோடு போட்டு, போகும்போது உரித்தெடுத்தார்கள். அப்படி ஆடியே ஒரு முறை லீக்கை வென்றார்கள். மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் ஆண்கள் தோற்ற செய்தி மட்டும் வந்ததாம். கேப்டன் அந்தப் பேப்பரைக் கசக்கித் தன் ஈர ஷூவுக்குள் திணித்துக் காயவைத்தாராம். அவர் அந்த முதல் நர்ஸ்களில் ஒருவர்.

அக்கா சேர்ந்த சில வருடங்களில் வேலை, கல்யாணம், குழந்தை என்று ஒவ்வொருவராக விலகி, கிளப்பில் ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். மாற்றுக்கு ஆளில்லை. ஒரு வெளியூர் ஆட்டத்தில் இரண்டு பேர் ஃபவுல் அதிகமாகி வெளியேற்றப்பட, களத்தில் மூன்றே பேர் நின்றார்கள்.

"விட்டுட்டுப் போகலாம்னு தோணலையா அக்கா?"

"தோணினது. கேப்டனைப் பாத்தன். அவ பந்தை வாங்க ஓடிக்கொண்டிருந்தவ. பிறகு நான் எப்பிடி நிக்கிறது?"

படுதோல்விதான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் கேப்டன் எதிர் டீமின் பெஞ்சுக்குப் போனார். ஆட்டம் முழுக்க ஒரு நிமிஷம்கூட இறக்கப்படாமல் உட்கார்ந்திருந்த பெண்களிடம், எங்களோடு வந்தால் முழு ஆட்டமும் ஆடலாம் என்றார். அடுத்த சீசனில் அவர்களில் சிலர் வந்து சேர்ந்தார்கள். கிளப் பிழைத்துக்கொண்டது. இன்றும் இருக்கிறது, சிறுமிகளுக்கும் டீம் உண்டாம்.

கதையைக் கேட்டுக்கொண்டே ஜிம்மில் அம்மாக்கள் நாங்களும் ஆடத் தொடங்கியிருந்தோம். முதலில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு. பிறகு ஷூ வாங்கினோம். பிறகு சிரிப்புக் குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் தமிழ்க் குடும்பங்களின் பிக்னிக் போட்டிக்குப் பயிற்சி என்று அதே நேரத்துக்கு ஆண்களின் வாலிபால் குழு ஜிம்மைப் பதிவு செய்துவிட்டது. அதில் என் கணவரும் ஒருவர். நான் கொதித்தேன். கம்ப்ளெய்ன்ட் பண்ணலாம் என்றேன். செய்வோம், ஆனால் அதுவரைக்கும் ஆட்டம் நிற்கக்கூடாது என்றார் அக்கா. பார்க்கில் ஆடினோம். குளிர் ஏற ஏற ஆள் குறைந்து நான்கு பேரானோம்.

ஒரு ஞாயிறு பார்க்குக்குத் திரும்பாமல் அக்கா நேரே காரை ஓட்டினார். போய் நின்றது பெண்கள் த்ரோபால் போட்டி நடந்த இடத்தில். தெலுங்கு, குஜராத்தி, தமிழ் டீம்கள். அக்கா ஸ்கோரைப் பார்க்கவேயில்லை, பெஞ்சுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில், இறக்கப்படாத பெண்களிடம் போய் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கூடைப்பந்து தெரியாதே என்று ஒரு தெலுங்குப் பெண் தயங்கினாள். நானும் தெரியாமல்தான் போனேன் என்றார் அக்கா.

வசந்தம் வருவதற்குள் எங்களுக்கு ஒரு டீம் இருந்தது, ஜிம்மில் எங்களுக்கென்று ஒரு நேரமும் இருந்தது. என் கணவர்தான் வாலிபால் குழுவிடம் பேசி நேரத்தை மாற்றினார். வீட்டில் நான் என்ன பேசினேன் என்பது இங்கே வேண்டாம்.

பக்கத்து ஊர்களின் பெண்கள் லீக்கில் சேர்ந்து முதல் ஆட்டத்திலேயே மோசமாகத் தோற்றோம். எதிரே நின்றவர்கள் காலேஜில் ஆடியவர்கள். காரில் வரும்போது என் மகள், "யூ வேர்ன்ட் டெரிபிள், அம்மா" என்றாள். பதிமூன்று வயதுப் பெண்ணிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

இப்போது இரண்டு டீம் அளவுக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டோம். பிரித்தபோது நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாம் அக்கா பக்கம் நகர்ந்தார்கள். அக்கா அவர்களை என்னிடம் அனுப்பிவிட்டு, புதிதாக வந்தவர்களை வைத்துக்கொண்டார். போன மாதம் இரண்டு டீமும் லீக்கில் மோதினோம். எங்களைச் சுத்தமாகத் தோற்கடித்தார்கள். கைகொடுக்க வந்தபோது, "உங்கட இடப்பக்கத்தில ஆளே இல்லை, பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. இடப்பக்கத்தில் யாரை நிறுத்துவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.