பத்தொன்பது வண்டிகளும் என் அண்ணனும்

என் அண்ணன் அந்தக் கார்ப்பந்தய விளையாட்டில் இருபதாவது இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை, ஒரே ஒரு முறை தவிர. ஓடுகிற கார்கள் மொத்தமே இருபதுதான். பத்தொன்பதைக் கம்ப்யூட்டரே ஓட்டும், ஒன்றை அண்ணன் ஓட்டுவார். பந்தயம் முடிந்து திரையில் பட்டியல் வரும்போது தன் பெயரைத் தேடி அவர் கஷ்டப்பட்டதில்லை. நேரே அடிவரிக்குப் போய்விடுவார்.

இத்தனைக்கும் அவர் டிரைவர். மீசை முளைத்த காலத்திலிருந்து மும்பையில் டாக்ஸி ஓட்டியவர். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று பின்சீட்டில் கண்ணைக் கசக்கியவர்களை எல்லாம் சயான் நெரிசலுக்குள் நுழைத்து அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டவர். போன தீபாவளி முடிந்த கையோடு மூளையில் ஒரு சின்ன ரத்தக்கட்டு வந்தது. பேச்சு தப்பித்தது, கால் ஓரளவு தப்பித்தது. இடது கை மட்டும் தோளில் மாட்டிய பை மாதிரித் தொங்கிவிட்டது.

தாராவியில் அவர் குடியிருப்பது மாடியறை. ஏணியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தது போன்ற இரும்புப்படி ஏறித்தான் போகவேண்டும், ஒற்றைக் கையோடு அது நடக்காது. அதனால் செம்பூரில் தரைத்தளத்தில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கூட்டிவந்தோம். அண்ணிக்குப் பை தைக்கும் பட்டறையில் வேலை, விட்டுவிட்டு வரமுடியாது. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்போடு வந்துபோவார். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில்தான் இருப்பார். ஆக வீட்டில் இருந்தது நானும் காலேஜில் படிக்கும் மகளும் அண்ணனும்.

கையைப் பழக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கே வந்தாள். "கை சாகவில்லை, அதை உங்கள் அண்ணன்தான் மறந்துவிட்டார், ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் போனாள். அண்ணன் அந்தப் பந்தைச் சோபாவுக்கடியில் உருட்டிவிட்டார்.

"ஸ்டியரிங்க வலது கை பாத்துக்கிடும். கியர யாரு போடுவா? ஒன் வீட்டுக்காரரா கப்பல்லேருந்து வந்து போடுவாரு?" என்றார் என்னிடம்.

எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும், அன்று குனிந்து சோபாவுக்கடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டேன். அவர் வண்டியில் கியர் இடது கைப்பக்கம். அந்தக் கை இல்லாவிட்டால் அவர் டிரைவர் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டாக்ஸி தார்ப்பாய் போர்த்தித் தாராவியில் நின்றுகொண்டிருந்தது. பாண்டுப்பிலிருந்து ஒருவர் அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

மகள்தான் வழி கண்டாள். சிநேகிதி ஒருத்தியிடமிருந்து கார்ப்பந்தய விளையாட்டுக்கான ஸ்டியரிங் சக்கரம் ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் திருகி மாட்டினாள். கீழே பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும். கியர் தானாக விழும். பின்னால் எடுக்க மட்டும் சக்கரத்தில் ஒரு பட்டன். மாமாவின் இடது கையைத் தூக்கிச் சக்கரத்தில் வைத்து, நழுவாமல் இருக்கத் தன் தலைமுடி ரப்பரால் கட்டினாள். "டென்ஷன் நக்கோ மாமா, கவலைப்படாம சும்மா ஓட்டுங்க" என்றாள்.

அண்ணன் ஓட்டினார். எப்படி ஓட்டினார் என்றால், டாக்ஸி ஓட்டுகிற மாதிரியே ஓட்டினார். வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பார். பின்னால் வண்டி வருவது தெரிந்தால் வலது கையை வெளியே நீட்டிப் 'போ, போ' என்று காட்டுவார். வெளியே என்பது எங்கள் வீட்டில் தண்ணீர்ச் செம்பு இருக்கும் இடம். அது உருண்டு உருண்டு நசுங்கியே போனது.

கம்ப்யூட்டர் ஓட்டும் கார்கள் புயலாகப் பறக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பறக்கத்தான் செய்தன. ஆனால் அண்ணன் பாதை நடுவில் நிதானமாகப் போனால், ஒரு சுற்றுக் கூடுதலாக ஓடிவிட்டு அவரைப் பின்னாலிருந்து பிடிக்கும் கார்கள் தாண்டத் தெரியாமல் அவர் பின்னாலேயே வரிசையாக நகர்ந்தன. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தோற்றது.

"சைடு குடுக்கேன், போவ மாட்டேங்கானுவளே" என்றார் அண்ணன்.

"அதுங்களுக்கு ரோடு தெரியாது மாமா. ரோட்டுல யாரோ போட்ட ஒரு கோடுதான் தெரியும். நீங்க அந்தக் கோட்டு மேல போறீங்க" என்றாள் மகள்.

மஞ்சள் கார் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பந்தயத்திலும் மலையோர வளைவு ஒன்றில் காரணமே இல்லாமல் நிற்கும். அரை நிமிஷம் நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் புறப்படும். மகள் இணையத்தில் தேடினாள். உலகத்தில் வேறு பலரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், ஏன் நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "அங்கன கோயில் இருக்கும். டிரைவர் கும்புட்டுட்டுப் போறான்" என்றார்.

நான் வாஷியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நாளெல்லாம் கம்ப்யூட்டர்தான். நான் எதைப் போடுகிறேனோ அதைத்தான் அது திருப்பித் தரும், ஒரு பைசா கூடக் கூட்டிச் சொல்லாது. அந்த ஜாதியைச் சேர்ந்த ஒன்று, யாரும் சொல்லாமல் ஒரு வளைவில் நின்று யோசிக்கிறது என்பது எனக்கு நம்பமுடியாததாக இருந்தது. சமையலைப் பாதியில் விட்டுவிட்டு அந்த மஞ்சள் கார் நிற்பதைப் பார்க்க ஓடிவருவேன். சிரிக்கத்தான் வருவேன். நின்றதும் சிரிப்பு வராது.

மாதங்கள் போயின. அண்ணனின் வலது கை ஓட்டியது, இடது கை கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தது. மே மாதம் பாண்டுப்காரர் மூன்றாவது தடவை போன் செய்தபோது, ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை, அண்ணியையும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், மகள் வழக்கம்போலத் தலைமுடி ரப்பரை எடுத்துக்கொண்டு வந்தாள். "வேண்டாம் பிள்ள, அரிக்கி. நாளைக்கு வண்டியே போவுது, இனி கையக் கட்டி என்னத்துக்கு" என்றார். கை மடியில் கிடந்தது. அவள் ரப்பரைத் தன் முடியிலேயே போட்டுக்கொண்டு பந்தயத்தைத் தொடங்கினாள். ஐந்து சுற்றுப் பந்தயம்.

வெளியே தீயாக வெயில். விளையாட்டில் வானம் இருட்டிக்கொண்டு மூன்றாவது சுற்றில் மழை பிடித்தது. மழை வந்தால் வேறு டயர் மாட்டவேண்டும். அதற்குப் பாதையோரமாகப் பிரிகிற சந்து ஒன்று உண்டு, பிட் என்பார்கள். அதற்குள் போய் டயர் மாற்றிவிட்டு மறுமுனையில் வெளியே வந்து பாதையில் சேரவேண்டும். கார்கள் ஒவ்வொன்றாக, அடுத்தடுத்த சுற்றுகளில் போவதுதான் வழக்கம். அன்று முதல் கார் உள்ளே திரும்பியது, இரண்டாவது திரும்பியது, அதைப் பார்த்தோ பார்க்காமலோ எல்லாமே திரும்பின. அண்ணனுக்குப் பிட்டுக்குள் போகவே தெரியாது. அவர் நேரே போனார்.

திரையின் மூலையில் அவர் இடத்தைக் காட்டும் எண் இறங்க ஆரம்பித்தது. இருபது என்றிருந்தது பதினாறாயிற்று. பதினொன்றாயிற்று. ஆறு. நான் காப்பி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். மூன்று. பிறகு ஒன்று. அங்கேயே நின்றது.

முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. இரண்டு பக்கமும் ஜனம் நிறைந்த மேடைகள். நடுவே மழையில் பளபளத்துக்கொண்டு அவ்வளவு அகலமான ஒரு ரோடு. அதில் என் அண்ணன் மட்டும், ஜூலை மாதத்து மும்பை மழையில் ஓட்டுகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

"ஏளா," என்றார். "ரோடு காலியா இருக்கு."

"ஆமாண்ணே."

"பந்த் அன்னைக்குக்கூட இப்படிக் கண்டதில்ல."

கோயிலில் திரை விலகும்போது பார்ப்போமே, அப்படி மூன்று பேரும் அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முழுச் சுற்று அவர் அப்படிப் போனார்.

மகள்தான் திரையோரத்து வரைபடத்தைக் கவனித்தாள். பத்தொன்பது புள்ளிகளும் ஒரே இடத்தில் அப்பிக்கிடந்தன. ஏதோ ஒரு பட்டனைத் தட்டி அந்த இடத்தைத் திரை மூலையில் வரவழைத்தாள். பிட்டின் வாயில் இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் வெளியே வரப்பார்த்து மாட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் மூக்கு சுவரில், மற்றதன் மூக்கு அதன் விலாவில். நீ போ என்று இதுவும், நீ போ என்று அதுவும் காத்துக்கொண்டிருந்தன. பின்னால் பதினேழும் வாய் திறக்காமல் நின்றன. இதை யாரும் எழுதிவைத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு காருக்கும் மரியாதையாக இரு என்று மட்டும் யாரோ எழுதியிருப்பார்கள். அதிலிருந்து இப்படி ஒரு ஜாம் தானாகவே முளைத்திருக்கிறது.

"மாமா, இன்னும் ஒரே சுத்து. உருட்டிட்டுப் போனாலும் ஃபர்ஸ்ட். போதும், முடிச்சிடுங்க," என்றாள் மகள். அவள் கண் கலங்கியிருந்தது. நாளைக்கு வண்டி போகிறது, இன்றைக்காவது மாமா ஜெயிக்கட்டும் என்று அவளுக்கு. எனக்கும்தான்.

கடைசிச் சுற்றில் பிட்டின் வாயைக் கடக்கும்போது அண்ணன் அங்கேயே பார்த்துக்கொண்டு போனார். "நிக்கானுவ, பாவம்," என்றார்.

"அதுல ஆளே இல்ல மாமா."

"ஆளு இல்லேன்னா ஜாம் இல்லன்னு ஆயிருமா? யாராவது ஒருத்தன் எறங்கணும் பிள்ள."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என் பிரசவத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனபோது, கிங்ஸ் சர்க்கிளில் நாலு பக்கமும் வண்டிகள் பின்னிக்கிடந்தன. இந்த மனுஷன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கிப்போய், இரண்டு கையையும் தூக்கி, ஒவ்வொருத்தனையாகத் திட்டி, பின்னால் எடுக்கவைத்து, முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தார். நான் பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மகள் டாக்ஸியிலேயே பிறந்திருக்கவேண்டியவள்.

பிரேக்கை மிதித்தார். வண்டி பிட் வாயைக் கொஞ்சம் தாண்டிப்போய் நின்றது. பின்னால் எடுக்கவேண்டும்.

தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் நான்தான் நின்றேன். என்னை அவர் பார்க்கவில்லை, சுவரில் மாட்டிக்கொண்ட காரைத்தான் பார்த்தார். அப்போது மடியில் கிடந்த இடது கை எழுந்தது. மெதுவாக, கொஞ்சம் நடுக்கத்தோடு, முழங்காலுக்குப் பக்கத்தில் போயிற்று. அங்கே ஒன்றுமே இல்லை, காற்றுதான். விரல்கள் அந்தக் காற்றைப் பிடித்தன. பிடித்து, அழுத்தி, பின்னுக்கு இழுத்தன.

மகள் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். என் கையிலிருந்த காப்பி தளும்பிக் காலில் கொட்டியது, சுட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது. அவள் சத்தமில்லாமல் ஒரு விரலை நீட்டிச் சக்கரத்திலிருந்த பட்டனை அமுக்கினாள். வண்டி பின்னால் நகர்ந்தது.

தான்தான் கியர் போட்டோம் என்று நினைத்துக்கொண்டு அண்ணன் பின்னால் எடுத்தார். தவறான திசை, தவறான திசை என்று திரை சிவப்பாகக் கத்தியது. அவர் சட்டை செய்யவில்லை. பின்பக்கத்தால் சுவரோரத்துக் காரின் மூக்கில் மெல்ல ஒரு தட்டு. அது உதறிக்கொண்டு நேராகிப் புறப்பட்டது. விலாவில் இடித்து நின்றதும் புறப்பட்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப்போயின.

திரையில் தகுதி நீக்கம் என்று வந்தது. பட்டியலில் அவர் பெயருக்கு நேராக எண்ணே இல்லை, ஒரு சின்னக் கோடுதான். அன்றைக்கு இருபதாவது இடம்கூட இல்லை.

அண்ணன் பட்டியலைப் பார்க்கவில்லை. "எல்லா வண்டியும் கெளம்பிட்டா பிள்ள?" என்று கேட்டார்.

"கெளம்பிடுச்சு மாமா," என்றாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

அவள் எதைப் பார்த்துக்கொண்டு அழுகிறாள் என்று அவர் குனிந்து பார்த்தார். முழங்காலுக்குப் பக்கத்தில் தன் இடது கை எதையோ பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். யார் வீட்டுக் கையோ என்பது போலத்தான் முதலில் பார்த்தார்.

பிறகு என்னிடம், "ஏளா, அந்தப் பாண்டுப்காரருக்கு ஒரு போனப் போடு. நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிரு," என்றார்.

நான் போனை எடுத்தேன். அண்ணன் கையை மடிக்குத் திருப்பவில்லை, கியர் மேலேயே வைத்திருந்தார்.