ஜன்னல் வைத்த நண்டுக் கூடு

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டாருக்கு ஃபுட் வால்வு மாற்றியது. கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் சங்கரன்கோவில் வந்திருந்தேன். அப்பா தொட்டிக்குள் இறங்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டார். நான் மேலே நின்று டேப் சுற்றிக் கொடுத்தேன்.

"ஏட்டி, நீ தகடு வரைஞ்சா மூலைய உருட்டித்தான் விடுவியா?" என்று கீழிருந்து கேட்டார்.

"ஆமாப்பா. ஆறு மில்லி. கூரா விட்டா கையக் கிழிக்கும்லா."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

வால்வை இறுக்கினார். தண்ணீர் ஏறியது. அதற்கு ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், பட்டறையில் மாரடைப்பில் இறந்தார். ஐம்பத்தெட்டு வயது.

அவர் பெயர் காளிராஜ். மேலநீலிதநல்லூர் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். பதினேழு வயதில் விசைத்தறிக் கூடத்துக்கு ஃபிட்டர் வேலைக்கு வந்தார். தறிகளைப் பழைய இரும்புக்கு விற்ற வருடம், அதே கூடத்தில் மேஸ்திரியாக இருந்த காசி மாமாவோடு சேர்ந்து திருவேங்கடம் சாலையில் வெல்டிங் பட்டறை போட்டார். வேலை அப்பாவுடையது, பேச்சு காசி மாமாவுடையது. கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் காசி மாமா ஒரு புது ஆர்டர் பிடித்து வந்தார். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் ஒரு மீனவ ஊர். சேற்றில் வளரும் களி நண்டு பிடிக்க, மடக்கி வைக்கக்கூடிய கம்பிக் கூடு நூறு வேண்டும்.

அப்பா நண்டு சாப்பிட்டதில்லை. தொடவே கூசுவார். ஆனால் கூடு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. தானே கொண்டுபோனார். அங்கே ஞானபூரணம் என்று ஒரு பெண். புருஷன் இறந்த பிறகு தனியாக வள்ளத்தில் போய்க் கூடு வைப்பவர். மறுநாள் தூக்கிய கூடுகளை அப்பா முன்னால் கொட்டியிருக்கிறார். பாதி நண்டு உள்ளங்கை அளவு.

"அண்ணாச்சி, கூடு நல்லாத்தான் செஞ்சிருக்கிய. ஒரு குஞ்சு கூடத் தப்பிக்கல. இப்படியே போனா அடுத்த வருசம் ஒம்ம கூட்டுல தண்ணியத்தான் தூக்கணும்."

அப்பா அன்று ராத்திரியே எனக்கு ஃபோன் செய்தார். முட்டைக்கு வராத நண்டு மட்டும் வெளியே போக, கூட்டில் ஒரு ஜன்னல் வைக்க முடியுமா?

நான் பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். படித்துப் பார்த்து, நண்டு ஓட்டின் அகலத்தை வைத்து ஜன்னல் வரைந்து அனுப்பினேன். முதல் வாரம் சின்னதோடு சேர்ந்து பெரிய நண்டும் போய்விட்டது. ஞானபூரணம் ஃபோனில் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

"இஞ்சினியர் பிள்ள, நண்டு எந்தப் பக்கமா நடக்கும்னு உங்க ஊர்ல யாருக்கும் தெரியாதோ?"

பக்கவாட்டில் நடக்கும். ஆகவே அகலம் கணக்கில்லை. முன்பின் நீளமும் உடம்பின் கனமும்தான் கணக்கு. திருத்தினேன். இன்னும் எத்தனை முறை திருத்த வேண்டிவருமோ என்று, ஜன்னலைத் தனித் தகடாக, இரண்டு போல்ட்டில் கழற்றி மாட்டும்படி வைத்தேன். அது என் முடிவு.

அம்மா பொன்மணி கேலி செய்வாள். "தொடக்கூடப் பயப்படுத ஆளு, நண்டுக்கு ஜன்னல் வைக்கியளாக்கும்! ஃபேனும் போட்டுக் குடுங்க."

மூன்றாவது வருடம் அந்த முகத்துவாரத்தில் பெரிய நண்டு கூடியது. பதினான்கு வள்ளக்காரர்களும் ஜன்னல் கூடுதான் வைப்பது என்று பேசி முடித்தார்கள். அப்பா பட்டறைச் சுவரில் பெயின்டால் எழுதினார்: 'ஜன்னல் இல்லாத கூடு செய்வதில்லை.' அவர் வாழ்க்கையில் சுவரில் எழுதியது அது ஒன்றுதான்.

போன ஆவணியில் காசி மாமா எனக்கு ஃபோன் செய்தார். "மக்கா, ஜன்னல் இல்லாத வெறுந்தகடு ஒண்ணு வரைஞ்சு அனுப்பு. பத்துக் கூட்டுல அதையும் பத்துக் கூட்டுல இதையும் போட்டு, வித்தியாசத்த மீன்துறை அதிகாரிககிட்ட காட்டணும். அப்பாட்ட சொல்லிட்டேன்."

எனக்குச் சந்தோஷம். ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை சோதனையே இல்லை. பத்து நிமிடத்தில் வரைந்து அனுப்பினேன். அப்பாவிடம் நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஞானபூரணம் மூன்று பஸ் மாறி வீட்டுக்கு வந்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து வைத்தார். நான் வரைந்த வெறுந்தகடு.

"நானும் போட்டேன் பிள்ள. பொய் சொல்ல மாட்டேன். பண்ணையில வச்சு வளக்க குஞ்சு நண்டு வேணும்னு ஒரு ஏவாரி வந்தான். ஒங்க காசிதான் கூட்டிட்டு வந்தாரு. தகடும் அவருதான் குடுத்தாரு, பழைய ஜன்னல் தகட்ட எல்லாம் கழத்தி எடுத்துட்டுப் போயிட்டாரு. பதினாலு பேரும் போட்டோம். ஐப்பசி கடைசில அண்ணாச்சி சொல்லாம கொள்ளாம வந்துட்டாவ. கூட்டத் தூக்கிப் பாத்தாவ. எங்கள ஒரு வார்த்த ஏசல. இந்த மூலையப் பெருவிரலால தடவிக்கிட்டே, 'இது எம்பிள்ள வரைஞ்சதுல்லா'ன்னு மட்டும் சொன்னாவ."

பட்டறைக்கு நடந்தே போனேன். காசி மாமா கேட் ஒன்றுக்கு பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார். தகட்டை முன்னால் வைத்தேன்.

"எங்கிட்ட பொய் சொல்லி வாங்கியிருக்கீங்க, மாமா."

அவர் பிரஷைக் கீழே வைக்கவில்லை. "சொன்னேன்தான். ஜன்னல் கூட்ட எவன் வாங்குதான் சொல்லு? பக்கத்துக் கரையில எல்லாம் மொட்டக் கூடு. உங்கப்பனுக்கு நண்டா சோறு போட்டுச்சு? கூடுல்லா போட்டுச்சு!"

"அப்பா உங்ககிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாரு."

"என்ன கேட்டாங்க?"

"'பிரியாவுக்குத் தெரியுமா'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பிரஷ் இரண்டு தடவை மேலும் கீழும் போனது. "'அவதானய்யா வரைஞ்சா'ன்னேன். அது பொய்யில்லையே."

பொய்யில்லை. அதுதான்.

காசி மாமாவோடு எனக்கு இனிப் பேச்சில்லை. அது எளிது. ஞானபூரணத்தை அம்மா மன்னித்துவிட்டாள், என்னால் முடியவில்லை. ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்லாத கோபம் அப்பா மேல்தான். அந்த ஒன்பது நாளில் அவர் என்னை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். ஃபோனில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம், நான்கு நிமிடம், ஒன்றரை நிமிடம். சாப்பாடு, குளிர், லீவு. 'நீயும் சேர்ந்துதான் செய்தாயா' என்று கேட்க ஐந்து விநாடி போதும். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி. தொட்டிக்குள் நின்றுகொண்டு மூலையைப் பற்றிக் கேட்டார். நான் பெருமையாகப் பதில் சொன்னேன். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காசி மாமா கேட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் அடிக்கத் தொடங்கினார். நான் அப்பாவின் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அப்பாவின் மேசைக்குக் கீழே கட்டாத சாக்கு ஒன்று இருந்தது. உள்ளே ஜன்னல் தகடுகள். வழக்கமாகத் தகடு வெட்டி வாங்கும் லேசர் கடையில் வெட்டியவை இல்லை. விளிம்பெல்லாம் அரத்தால் ராவிய தடம். தனியாக உட்கார்ந்து கையால் வெட்டியிருக்கிறார்.

ஞானபூரணத்துக்கு ஃபோன் செய்து கேட்டேன்.

"ஆமா பிள்ள. போறதுக்கு மொத நா, திங்கக்கிழம கூப்புட்டுச் சொன்னாவ. 'புதன்கிழம மொத பஸ்ஸுக்கு வாரேன், கூட்ட எல்லாம் கரையில தூக்கி வைங்க, நானே கழத்தி மாட்டிருதேன்'னாவ. தூக்கித்தான் வச்சிருந்தோம்."

"எத்தனை கூடு?"

"நூத்தி நாப்பது."

சாக்கில் எண்ணினேன். அறுபத்தொன்று இருந்தது.